தாங்கும் என்று சொல்லாதவர்

புதுக்கோட்டை பஸ் நிலையத்தில் ஆலங்குடி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது மேரிக்காவின் போன் வந்தது. அவருடைய வீட்டுக்காரர் அருளப்பன் அண்ணனைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தேன். பையில் கொய்யாப்பழமும் உப்பில்லாத பிஸ்கட்டும் இருந்தன. உப்பில்லாத பிஸ்கட் அவருக்குப் பிடிக்கும் என்று சொன்னால் பொய்யாகிவிடும். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதால் திட்டிக்கொண்டே தின்றுகொண்டிருந்தார்.

"பஸ் ஏறிட்டியா தேனு?" என்று கேட்டார் மேரிக்கா.

"இன்னும் வரலக்கா. இப்ப வந்துரும்."

"சரி. மெதுவா வா."

போனை அவர் உடனே வைக்கவில்லை. பின்னால் யாரோ அழுகிற சத்தம் கேட்டது. நம் பக்கத்தில் "சீக்கிரம் வா" என்றால் இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். மெதுவாக வரச் சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பக்கத்தில் நின்ற ஓர் அம்மா, "இது அறந்தாங்கி போகுமா?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேனா இல்லை என்றேனா, நினைவில்லை. விமானத்தின் இறக்கை எவ்வளவு சுமையில் எந்த இடத்தில் உடையும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது என் பிழைப்பு. அருளப்பன் அண்ணனின் வயிற்றுக்குள் ஒரு பெரிய ரத்தக் குழாய் வீங்கிக்கொண்டே வந்தது. அது எப்போது வெடிக்கும், வெடிக்காமல் இருக்க என்ன வழி என்று ஒரு வருடமாக நானும் மண்டையை உடைத்துக்கொண்டேன். கையில் பிஸ்கட்டோடு பஸ்ஸுக்கு நின்றதுதான் கடைசியில் என்னால் முடிந்தது.

ஆலங்குடிக்காரர்களான உங்களுக்கு அவர் 'பிளேன் சார்'. பெங்களூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்தவர் என்பதால், உங்களில் பாதிப் பேர் அவர் விமானம் ஓட்டியவர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். முடிவெட்டும் கடையில் ஒருவர், "எந்தெந்த நாட்டுக்கு ஓட்டுனீங்க சார்?" என்று கேட்டதாக அவரே சிரித்துச் சிரித்துச் சொன்னார். அவர் ஒரு விமானத்தையும் ஓட்டியதில்லை. அவர் வேலை விமானங்களை உடைப்பது. நாங்கள் வடிவமைப்புப் பிரிவில் உட்கார்ந்து கணினியில் ஓர் இறக்கையைச் செய்து அனுப்புவோம். அவர் அதைத் தன் சோதனைக் கூடத்தில் கட்டிப்போட்டு, இழுத்து, முறுக்கி, கடைசியில் உடைத்துவிட்டு, "வாங்க, வந்து பாத்துக்கங்க" என்று போன் செய்வார். இருபது வருடத்துக்கு மேல் எங்களுக்குள் நடந்த கொடுக்கல் வாங்கல் இதுதான்.

அந்தக் கூடத்தை நாங்கள் ஷெட் என்போம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வரைபடத்தை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். இறக்கையை உடலோடு சேர்க்கும் இணைப்பைப் பற்றி அவர் ஏதோ கேட்டார். "அது தாங்கும் சார்" என்றேன். கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"இந்த ஷெட்டுக்குள்ள அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாதுங்க. எவ்வளவு தாங்கும்னு சொல்லுங்க. அது தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. அந்தப் படத்தை அங்கிட்டு வச்சுட்டு, போயி கணக்கைப் பாத்துட்டு வாங்க."

எனக்குக் கோபத்தில் காது சிவந்துவிட்டது. ஆனாலும் 'அங்கிட்டு' என்ற சொல் காதில் விழுந்துவிட்டது. சுற்றிலும் கன்னடமும் மலையாளமும் இந்தியும் ஓடுகிற இடத்தில் அங்கிட்டு என்று ஒரு மனுசன்! "சார் எந்த ஊரு?" என்றேன். "ஆலங்குடி. நீங்க?" "அரிமளம்." "அடடே! அப்ப மொதல்லயே சொல்றதில்லையா? உக்காருங்க, டீ சொல்றேன்" என்றார். டீ வந்தது. குடித்து முடித்ததும், "சரி, இப்பப் போயி கணக்கைப் பாத்துட்டு வாங்க" என்றார். அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணன். ஊர்ப்பாசம் டீயோடு சரி, கணக்கில் ஒரு நாளும் சலுகை கிடைத்ததில்லை.

ஷெட்டைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பறக்கும்போது காற்று இறக்கையை மேலே தூக்குகிறது. அந்தத் தூக்குதலைத் தரையிலேயே உண்டாக்கிப் பார்ப்பதுதான் சோதனை. இறக்கை முழுக்கப் பட்டைகளை ஒட்டி, இரண்டிரண்டாகச் சட்டங்களில் கோத்து, அந்தச் சட்டங்களை இன்னும் பெரிய சட்டங்களில் கோத்து, உச்சியில் ஓர் இயந்திரக் கையால் மேலே இழுப்பார்கள். அந்த விமானம் தன் ஆயுளில் சந்திக்கக்கூடிய மிக மோசமான சுமை எதுவோ, அதைப்போல ஒன்றரை மடங்கு ஏற்ற வேண்டும். ஏற்றி, மூன்று வினாடி அப்படியே பிடித்து வைக்க வேண்டும். அதற்குள் உடைந்தால் தோல்வி. தரையில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. இறக்கையை வடிவமைத்தவர்கள் அந்தக் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம், பேசக் கூடாது. நிறுத்தச் சொல்லும் உரிமை அண்ணனுக்கு மட்டும்தான். அந்த மூன்று வினாடியில் அலுமினியம் முனகும் பாருங்கள், பெற்ற பிள்ளையை ஆபரேஷன் அறைக்குள் விட்டுவிட்டு வெளியே நிற்கிற மாதிரி இருக்கும். கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது.

எல்லாமே இப்படிக் கனமாக இருந்ததில்லை. பறவை மோதினால் முன்கண்ணாடி என்ன ஆகும் என்று பார்க்க, செத்த கோழியைக் காற்றுக் குழாயில் வைத்துக் கண்ணாடியின் மேல் சுடுவார்கள். கோழி குறிப்பிட்ட எடையில், இறகோடு முழுசாக இருக்க வேண்டும். ஒருமுறை கோழி வாங்க ஆள் கிடைக்காமல் அண்ணனே போனார், என்னையும் இழுத்துக்கொண்டு. கடைக்காரர் சேலத்துக்காரர். எடை பார்த்துப் பார்த்து ஏழெட்டுக் கோழியைத் திருப்பிக் கொடுத்த அண்ணனை அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். "கறி கட் பண்ணவா சார்?" என்றார். "வேணாம். தோலை உரிக்காதீங்க, எறகோட இருக்கட்டும்." "வீட்ல விசேசமா சார்?" "ஆமாங்க, பிளேனுக்குத்தான் விருந்து" என்றார் அண்ணன் முகத்தில் சிரிப்பே இல்லாமல். அடுத்த தடவை நான் அந்தப் பக்கம் போனபோது, "அந்த சாருக்கு இப்பத் தேவலாமா?" என்று கடைக்காரர் அக்கறையாக விசாரித்தார்.

இனிமேல் சொல்லப் போவதை எங்கள் அலுவலகத்தில் பலர் இன்னும் மறக்கவில்லை. ஒரு சிறிய பயணிகள் விமானத்தின் இறக்கை. என் குழு மூன்று வருடம் உழைத்தது. ஒன்றரை மடங்குச் சுமையும் ஏற்றியாயிற்று, மூன்று வினாடியும் கழிந்தது, இறக்கை உடையவில்லை. ஷெட்டே கைதட்டியது. இயக்குநர் லட்டு வாங்கி வரச் சொன்னார். நான் அண்ணனிடம் போய், "இப்பவாவது தாங்கும்னு சொல்லலாமாண்ணே?" என்று வம்புக்கு இழுத்தேன். அவர் சிரிக்கவில்லை. சுமை மானி காட்டிய எண்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். லட்டு கையிலேயே இருந்தது.

மறுநாள் காலையில் என் மேசைக்கு வந்தார். "தேன்மொழி, ஒரு தப்பு நடந்துபோச்சுங்க. என் தப்பு."

என்ன நடந்தது என்றால், சுமை மானி உச்சியில் இருக்கிறது. அதற்குக் கீழே அத்தனை இரும்புச் சட்டங்களும் தொங்குகின்றன. சட்டங்களின் எடையைக் கழித்துவிட்டு, மானியைப் பூச்சியத்தில் வைத்துத்தான் இழுக்கத் தொடங்க வேண்டும். கடைசி நேரத்தில் ஒரு சட்டத்தை எடுத்துவிட்டு அதைவிடக் கனமான ஒன்றை மாட்டினார்கள், மாற்றிய பிறகு மறுபடி பூச்சியம் வைக்கவில்லை. தக்காளியைக் கூடையோடு சேர்த்து எடை போட்ட கதை. மானி காட்டியது ஒன்றரை மடங்கு, இறக்கைக்குப் போய்ச் சேர்ந்தது அதைவிடக் கொஞ்சம் குறைவு. வேறு ஒருவருக்கும் இது தெரியாது. அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கப் போவதில்லை.

"கொஞ்சந்தானேண்ணே வித்தியாசம்? தாங்கும்ணே!" என்று கத்தினேன்.

"எவ்வளவு?" என்றார்.

அவர் நேராக இயக்குநர் அறைக்குப் போனார். மறுபடி சோதனை வைத்தார்கள். மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்றேன். ஒன்றரை மடங்கை எட்டுவதற்குச் சற்று முன்னால் இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். மூன்று வருட உழைப்பு என் கண் முன்னால் மடங்கித் தொங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரும் பார்க்கக் கூடாது என்று தூணுக்குப் பின்னால் போனேன். அண்ணன் அங்கேயே வந்து நின்றார்.

"இங்கிட்டு ஒடஞ்சா அதுக்குப் பேரு சோதனைங்க. அங்கிட்டு ஒடஞ்சா பேரு விபத்து. இது இங்கிட்டு ஒடஞ்சிருச்சு. அம்புட்டுத்தான்."

அந்த நேரத்தில் அவரை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு உடைந்த இடத்தைப் பலப்படுத்தினோம், இன்னோர் இறக்கை செய்தோம், தாங்கியது. அந்த விமானம் முதன்முதலாகப் பறந்தபோது எல்லோரும் ஓடுபாதை ஓரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் தரையைப் பார்த்தபடி நின்றார். "பாருங்கண்ணே, என்னமாப் போகுது!" என்றேன். "பாத்து என்ன செய்யப் போறோம்? கையவிட்டுப் போயிருச்சு. எறங்குனப்பெறகு சொல்லுங்க" என்றார். விமானி பத்திரமாக இறங்கி வந்து எல்லோருக்கும் கைகொடுத்தார். அண்ணன் அந்தக் கையைக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஓய்வுக்குப் பிறகு ஆலங்குடியில் வீடு கட்டினார். வீடு மந்திரிப்புக்கு நானும் வந்திருந்தேன். பங்குச் சாமியார் வந்து தண்ணீர் தெளித்து ஜெபித்துப் போன பிறகு பந்தி நடந்தது. மேரிக்காவின் அண்ணன் சவூதியிலிருந்து வந்திருந்தார், நல்ல வாட்டசாட்டமான ஆள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "என்ன மச்சான், இது தாங்குமா?" என்று சும்மா சிரிப்புக்குக் கேட்டார். நம் ஆள் நாற்காலியைத் திருப்பிப் பார்த்தார். அதன் காலை அழுத்திப் பார்த்தார். நிமிர்ந்து, "நீங்க என்ன எடை இருப்பீங்க மச்சான்?" என்றார்.

பந்தியே கொல்லென்று சிரித்துவிட்டது. மச்சான் கடைசிவரை நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு, பீடாகூடப் போடாமல் காரேறிப் போய்விட்டார். மேரிக்கா பிடித்துக்கொண்டார்.

"ஆமான்னு ஒரு வார்த்த சொன்னா ஒங்க வாயில இருக்குற முத்து கொட்டிருமா?"

"சொல்லி, ஒடஞ்சிட்டா?"

"ஒடஞ்சா ஒடையட்டுமே! எங்கண்ணன் விழுந்தா நாலு பேரு தூக்கி விட்டுருப்போம். இப்பக் கோவிச்சுக்கிட்டுப் போனவரை யாரு போயித் தூக்குறது?" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீயே கேளு தேனு. கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து பாக்குறேன். ஏணியக் கேட்டாலும் சரி, கெணத்துக் கயித்தக் கேட்டாலும் சரி, தாங்கும்னு ஒரு தடவ இந்த மனுசன் வாயிலேருந்து வந்ததில்ல."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு ரசத்தைக் குடித்தார்.

சிறுநீரகக் கல் என்று நினைத்து ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில்தான் அந்த வீக்கம் தெரிந்தது. இதயத்திலிருந்து கிளம்பி வயிற்றின் வழியாக இறங்குகிற பெரிய குழாய், ஓரிடத்தில் பலூன் மாதிரி உப்பியிருந்தது. திருச்சியில் ஒரு பெரிய மருத்துவமனையில் காட்டினார்கள். திறந்து சரிசெய்ய அவருடைய இதயம் இடம் கொடுக்காது என்றார்கள். இதயம் ஏற்கெனவே பலவீனம். உள்ளுக்குள் குழல் வைத்து அடைக்கலாம் என்றால் வீக்கம் இருந்த இடம் அதற்குத் தோதாக இல்லை. "அப்படியே விட்டா எவ்வளவு தாங்கும் டாக்டர்?" என்று அண்ணன் கேட்டிருக்கிறார். "அத யாராலயும் சொல்ல முடியாது சார். பிரஷரக் கட்டுக்குள்ள வைங்க, கனமா எதையும் தூக்காதீங்க, அப்பப்ப வந்து காட்டுங்க" என்றாராம் டாக்டர். "ரொம்ப நேர்மையான மனுசங்க. தாங்கும்னு சொல்லிச் சமாளிக்கல பாருங்க" என்று என்னிடம் போனில் டாக்டரைப் புகழ்ந்துகொண்டிருந்தார்.

நான் சும்மா இருக்கவில்லை. படங்களைச் சென்னையில் இரண்டு பேரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று யார் யாரையோ பிடித்தேன். எல்லோரும் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். எல்லோரும் திருச்சி டாக்டர் சொன்னதையே சொன்னார்கள். வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது யாரையாவது அடிக்க வேண்டும் போலிருக்கும். யாரை அடிப்பது?

போன மழைக்காலத்தில் லீவு போட்டு ஊருக்கு வந்தபோது ஒரு நாள் பிற்பகல் ஆலங்குடிக்குப் போனேன். புதிதாக எடுத்த படத்தையும் பழைய படத்தையும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தார். நாங்கள் இரண்டு பேரும் அதன் முன்னால் நின்றோம். வீக்கம் பெரிதாகியிருந்தது. ஒரு குழாய் உப்ப உப்ப அதன் சுவர் மெலியும், மெலிய மெலிய இன்னும் சுலபமாக உப்பும். நாங்கள் எரிபொருள் கலன்களுக்கு வாழ்நாளெல்லாம் போட்ட கணக்குதான் அது.

"பிரஷர் தெரியும்" என்றார். "அகலம் தெரியும். சொவத்தோட கனம் ஓரளவு தெரியும். சொவரு எம்புட்டு பலம்னு மட்டும் தெரியலங்க."

"மாதிரித் துண்டு இல்லையேண்ணே" என்றேன். எந்த உலோகமானாலும் ஒரு துண்டு வெட்டி இழுத்துப் பார்த்துத்தான் அதன் பலத்தைச் சொல்வோம்.

"வேணும்னா அரிவாமனைய எடுத்தாரச் சொல்லவா?" என்று சிரித்தார். "நல்லவேளை, உள்ளுக்குள்ள ஓடுறது ரத்தம். காத்தா இருந்தா பக்கத்துல நிக்கிற ஒங்களுக்கும் ஆபத்து." கலன்களைச் சோதிக்கும்போது காற்றுக்குப் பதிலாகத் தண்ணீரை நிரப்பித்தான் அழுத்துவோம். காற்று என்றால் வெடித்துச் சிதறும், தண்ணீர் என்றால் கீறிக்கொண்டு ஒழுகும். அதை வைத்துத்தான் அந்தச் சிரிப்பு. என்னால் சிரிக்க முடியவில்லை.

"இன்னொரு எடத்துல காட்டுவோம்ணே. ஐதராபாத்துல ஒருத்தர் இருக்காராம்."

"விடுங்க தேன்மொழி. இது நம்ம டிசைன் இல்ல. வரைபடமும் நம்மகிட்ட இல்ல. கோட்டுக்குப் பின்னாடி நிக்க வேண்டியதுதான்."

அப்போது மேரிக்கா டீ கொண்டுவந்தார். ஆரம்பப் பள்ளியில் ஆயுசெல்லாம் பாடம் நடத்தியவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. தட்டைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"எத்தன தடவதான் இந்தப் படத்தையே பாப்பீங்க? டாக்டரு சொல்றது எனக்கு வெளங்கல. நீங்க ரெண்டு பேரும் இதே வேலையா இருந்தவங்க. நீ சொல்லு தேனு. தாங்குமா?"

வாயைத் திறந்தேன். எண் எதுவும் என்னிடம் இல்லை. அவரை வைத்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொல்லவும் எனக்குத் துணிவில்லை.

"தாங்கும் மேரி" என்றார் அண்ணன்.

எந்தத் தடுமாற்றமும் இல்லை. சர்க்கரை போதும் என்று சொல்கிற மாதிரி சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். ஷெட்டில் சோதனை தொடங்கும் முன் கோட்டுக்குப் பின்னால் நிற்கிறவர்களை ஒரு பார்வை பார்ப்பாரே, அந்தப் பார்வை. "சரி, டீ ஆறுது, குடிங்க" என்று சொல்லிவிட்டு மேரிக்கா கொல்லையில் காயும் துணியை எடுக்கப் போனார். திரும்பி வர நேரமாயிற்று. நாங்கள் டீயைக் குடித்தோம். அதற்குப் பிறகு அந்தப் படங்களைப் பற்றி அண்ணன் என்னிடம் பேசவே இல்லை.

மேரிக்கா போன் செய்த அன்றைக்குக் காலையில் அண்ணன் முதுகு வலிக்கிறது என்றாராம். பக்கத்து வீட்டு வேனில் புதுக்கோட்டைக்குத்தான் கொண்டு வந்திருக்கிறார்கள். பாதி வழியிலேயே முடிந்துவிட்டது, வேனைத் திருப்பிவிட்டார்கள். அவர் என் பக்கமாக வந்துகொண்டிருந்த நேரத்தில் நான் அவர் பக்கமாகப் போகிற பஸ்ஸைத் தேடிக்கொண்டிருந்தேன். ஆலங்குடியில் நான் இறங்கியபோது கோயில் மணி விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். உயிரோடு இருந்தவரை அந்த மேல் பித்தானை அவர் போட்டதே இல்லை. அவிழ்த்துவிட வேண்டும் என்று கை பரபரத்தது, பெட்டி மூடியிருந்தது. வந்தவர்கள் சிலர், "படுக்கையில கெடக்காமப் போயிட்டாரு, நல்ல சாவு" என்றார்கள். ஆறுதலுக்குச் சொன்னதுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, எழுந்து வெளியே போய்விட்டேன். கல்லறைத் தோட்டத்தில் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். நானும் போட்டேன்.

ஏழாம் நாள் பூசை முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு மேரிக்காவும் நானும் அந்த ஜன்னல் அறையில் உட்கார்ந்திருந்தோம். கண்ணாடியில் டேப் ஒட்டியிருந்த தடம் அப்படியே இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை.

"அன்னைக்கு அண்ணன் தாங்கும்னு சொன்னாரேக்கா" என்று ஆரம்பித்தேன்.

"அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு" என்றார் மேரிக்கா.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"நாற்காலிக்கே சொல்லாத மனுசன் தேனு. எங்கண்ணன் மொகத்தக்கூடப் பாக்கல, வீடு மந்திரிப்பு அன்னைக்கு. அந்த வாயிலேருந்து தாங்கும்னு வருதுன்னா, எவ்வளவுன்னு நான் வேற கேக்கணுமா? கொல்லப்பக்கம் போயி, காயாத துணிய வச்சுக்கிட்டு அழுதுட்டு வந்தேன். அவருகிட்ட ஒண்ணும் காட்டிக்கல. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா, பாவம், அவரு தாங்க மாட்டாரு."

அதன் பிறகு அவர்கள் இரண்டு பேரும் அத்தனை மாதமும் ஒரே வீட்டில் உப்பில்லாமல் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, ஒருவருக்கொருவர் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் இருந்திருக்கிறார்கள்.

அவரை அறிந்த நீங்கள் ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றை வைத்திருப்பீர்கள். என்னிடம் இருப்பது அவருடைய ஒரு கேள்வி. அடுத்த மாதம் எங்கள் ஷெட்டில் ஒரு புதிய இறக்கை சோதனைக்கு ஏறுகிறது. மானியைப் பூச்சியம் வைத்தாயிற்றா என்று முதலில் கேட்பேன். யாராவது தாங்கும் மேடம் என்பார்கள், எவ்வளவு என்று கேட்பேன். அதை இனி நான்தான் கேட்க வேண்டும்.

கிளம்பும்போது மேரிக்கா வாசல் கேட் வரை வந்தார். தனியாக எப்படி இருப்பீர்கள், என்னோடு பெங்களூருக்கு வாருங்கள் என்று நான் மறுபடி ஆரம்பித்ததும் என் கையைத் தட்டிவிட்டார்.

"நான் தாங்கிக்குவேன். நீ போயி பஸ்ஸப் புடி."

எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.